கைட்டின் தின்னும் கடல் பாக்டீரியாவைப் பிடிப்பதும் அதன் பூர்வீகத்தை விசாரிப்பதும்

இறால், நண்டு, கிரில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கோபிபாடுகள் என்று ஓடு போர்த்திய உயிர்கள் எல்லாம் கடலில் ஓயாமல் தோலுரித்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஓடுகளின் சட்டம் கைட்டின். செல்லுலோஸுக்கு அடுத்தபடியாக இயற்கையில் மிகுதியாக உருவாகும் பாலிசாக்கரைடு இதுதான். நீரில் கரையாது, எளிதில் மக்காது. அப்படிப்பட்ட பொருள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் கடலடி முழுவதும் ஓட்டுக் குவியலாக இருக்க வேண்டும். தோண்டிப் பார்த்தால் சொற்பமே கிடைக்கிறது. காரணம் பாக்டீரியா. 1938இல் சோபெல், ரிட்டன்பெர்க் இருவரும் கைட்டினைச் சிதைக்கும் பாக்டீரியா கடலில் பரவலாக இருப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அவற்றைத் தனித்துப் பிரித்தெடுப்பது கல்லூரிச் செய்முறையாகவே ஆகிவிட்டது.

அந்தச் செய்முறையை வகுப்பில் நடத்துகிறவன் நான். செய்முறைக் கையேடுகளோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கைட்டின் கலந்து வெண்மையாக இருக்கும் வளர்ப்புத் தட்டில், பாக்டீரியக் காலனியைச் சுற்றிக் கைட்டின் கரைந்த தெளிவான வளையம் தெரிந்ததும் ‘கைட்டின் சிதைப்பான் கிடைத்தது’ என்று எழுதி நோட்டை மூடச் சொல்கின்றன அவை. கைட்டின் தின்பது ஒரு வேலை அன்று. ஐந்தாறு வேலைகளின் தொடர். வளையம் காட்டுவது அதில் ஒன்றை மட்டுமே. பரிணாமமும் இந்தத் தொடரை மொத்தமாக ஒருவர் கையில் கொடுக்கவில்லை. துண்டு துண்டாக, வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து சேர்த்திருக்கிறது. ஆகவே தட்டிலும் சரி, மரபணுத்தொகுதியிலும் சரி, கண்ணி கண்ணியாகப் பார்க்கும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. கடல்நீரில் கைட்டினைப் போட்டுச் செழிக்கவிட்டால் முந்திக்கொண்டு வருகிறவை பெரும்பாலும் விப்ரியோ என்ற பாக்டீரியாக்கள். காலராவைத் தரும் விப்ரியோ கொலரே, விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், விப்ரியோ வல்னிஃபிகஸ் ஆகியவை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. வல்னிஃபிகஸ் கைக்காயம் வழியாகவே உள்ளே நுழைந்து உயிரைப் பறிக்கக்கூடியது. இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு வசதியும் பொறுப்பான மேற்பார்வையும் உள்ள ஆய்வகத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். கையுறை கட்டாயம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தட்டுகள் எல்லாம் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) பிறகே குப்பைக்குப் போக வேண்டும். வீட்டு மேசையில் செய்கிற விளையாட்டு அன்று இது.

எதைத் தேடுகிறோம்

என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரை அலகுகள் பீட்டா-1,4 பிணைப்பால் கோத்துக்கொண்ட நெடுஞ்சங்கிலி கைட்டின். பல சங்கிலிகள் பக்கவாட்டில் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிப் படிகமாகின்றன. நண்டு, இறால் ஓடுகளில் இருப்பது ஆல்பா வகை. அதில் அடுத்தடுத்த சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் ஓடும், கட்டுமானம் கெட்டி. ஊசிக் கணவாயின் உடலுக்குள் இருக்கும் ஒளி ஊடுருவும் தண்டிலும் டயட்டங்கள் என்ற ஒற்றைச் செல் பாசிகளில் சில வெளியே விடும் இழைகளிலும் இருப்பது பீட்டா வகை. அதில் எல்லாம் ஒரே திசை. கட்டுமானம் சற்றுத் தளர்ச்சி, நொதிகளுக்கு இடம் கொடுக்கும். இரண்டையும் ஒரே சோதனையில் கலந்துவிட்டு வேகத்தை ஒப்பிடாதீர்கள்.

ஒவ்வொரு அலகிலும் ஒரு நைட்ரஜன் அணு இருக்கிறது. எடையில் ஏறத்தாழ 7 சதவீதம். கடலில் நைட்ரஜனுக்கு இருக்கும் பஞ்சத்தை நினைத்தால், கார்பனும் நைட்ரஜனும் ஒரே வாயில் கிடைக்கும் இந்த உணவுக்கு ஏன் இவ்வளவு போட்டி என்பது விளங்கும்.

இப்போது தொடர். முதலில் தேடல். ஓட்டிலிருந்து கசியும் சிறு சர்க்கரைத் துண்டுகளின் தடம் பிடித்துப் பாக்டீரியா நீந்தி வர வேண்டும். அடுத்தது ஒட்டுதல். விப்ரியோ கொலரேயில் ஜிபிபிஏ என்ற புரதம் இதற்கு உதவுகிறது. இதே புரதம் மனிதக் குடலின் சளிப்படலத்திலும் ஒட்டும் என்று 2005இல் தெரியவந்தது. இரு இடங்களிலும் அது பிடித்துக்கொள்வது என்-அசிட்டைல் குளுக்கோசமைனைத்தான். கோபிபாடின் ஓட்டுக்காக உருவான பிடிமானம் நோய்க்கும் பயன்பட்டுவிட்டது.

மூன்றாவது வெட்டுதல். இதில் செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியாதான் நமக்கு நல்ல ஆசிரியர். கடலுக்கே உரியது அன்று, ஆனால் மிக விரிவாக ஆராயப்பட்டது. அதனிடம் மூன்று கைட்டினேஸ் நொதிகள் உண்டு. ‘சி’ இடையில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும். ‘ஏ’யும் ‘பி’யும் சங்கிலியைப் பிடித்தால் விடாமல், ஒரே கயிற்றை இரு முனைகளிலிருந்து கடித்துக்கொண்டு வரும் இரண்டு எலிகளைப் போல எதிரெதிராக நகரும். இவை பெரும்பாலும் இரட்டை அலகுத் துண்டுகளையே வெளியே தள்ளும். ஆனால் மூன்றும் சேர்ந்தாலும் படிகத்தின் இறுகிய பரப்பில் தடுமாறும். அங்கே இன்னொரு புரதம் தேவை. கைட்டினில் ஒட்டிக்கொள்ளும் புரதம் என்று மட்டுமே வெகுநாள் கருதப்பட்ட சிபிபி21 உண்மையில் ஒரு நொதி என்றும், ஆக்சிஜனைப் பயன்படுத்திப் படிகப் பரப்பிலேயே சங்கிலியை அறுக்கிறது என்றும் நார்வே ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். இன்று எல்பிஎம்ஓ என்ற பெயரில், செப்பு அணுவை மையமாகக் கொண்ட நொதிகளாக அந்த வகை முழுவதும் அறியப்படுகிறது. விப்ரியோவின் ஜிபிபிஏவும் இந்த வகைதான்.

நான்காவது, துண்டுகளை உள்ளே கொண்டுபோவது. கைட்டோபோரின் என்ற துளைப்புரதம் வெளிச்சவ்வில் வாசலாக நிற்கும். இரு சவ்வுகளுக்கு இடையே உள்ள வெளியில் துண்டுகள் மேலும் நறுக்கப்படும். ஐந்தாவது, உட்சவ்வைக் கடந்தபின் அசிட்டைல் குழு கழற்றப்பட்டு, அமைன் குழு அம்மோனியாவாகப் பிரிந்து, மீதி ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டாகச் சாதாரண வளர்சிதை ஓட்டத்தில் சேரும். இத்தனையையும் எப்போது தொடங்குவது என்று தீர்மானிக்கும் உணர்வுப்புரதம் விப்ரியோக்களில் கைஎஸ். உட்சவ்விலேயே பதிந்திருந்துகொண்டு டிஎன்ஏவையும் நேரடியாகப் பற்றுகிறது அது என்று 2020இல் வெளியானபோது வியந்தேன். சவ்வை விட்டு நகராத ஒன்று மரபணுவுக்குக் கட்டளை இடுவது பாக்டீரிய உலகில் அபூர்வம்.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். இனி செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் ‘இது எந்தக் கண்ணியைச் சோதிக்கிறது?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கைட்டின் பசை தயாரிப்பு

கடையில் கிடைக்கும் கைட்டின் செதில்களை அப்படியே, தட்டில் பாக்டீரியா வளர்க்க உறையவைக்கும் அகர் கூழில் போட்டால் அடியில் படிந்துவிடும், வளையம் தெரியாது. அதை அமிலத்தில் குலைத்து, நீரில் மீண்டும் படியவைத்து, பால் நிறக் கூழ்மமாக்க வேண்டும்.

நன்றாகப் பொடித்துச் சலித்த கைட்டின் 10 கிராமை, நச்சுப்புகை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்து, 100 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறுகச் சிறுகச் சேருங்கள். அவசரப்பட்டால் கட்டி கட்டியாகும். கிளறிக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கெட்டியாகி, பிறகு இளகும். இளகியதும் அந்த அமிலக் கலவையை இரண்டு லிட்டர் பனிக்குளிர் நீரில், வேகமாகக் கலக்கியபடி ஊற்றுங்கள். எப்போதும் அமிலம்தான் நீருக்குப் போக வேண்டும். நீர் அமிலத்துக்கு வரக் கூடாது. வெண்மையாகப் படிவதை வடிகட்டியோ சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியோ திரும்பத் திரும்பக் கழுவுங்கள். கழுவிய நீரின் பிஎச் 6க்கு மேல் வரும்வரை கழுவ வேண்டும். சலிப்பான வேலைதான். இங்கே சோம்பினால் தட்டில் அகர் உறையாது. அமிலம் அகரைச் சிதைத்துவிடும்.

கிடைத்த பசையை உலரவிடாதீர்கள். உலர்ந்தால் இறுகிப்போகும், மறுபடி கூழ்மம் ஆகாது. ஈரப்பசையாகவே குளிரில், இருட்டில் வையுங்கள். அதிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் எடைபோட்டு, காயவைத்து, மீண்டும் எடைபோட்டால் பசையில் உலர் கைட்டின் எவ்வளவு என்பது தெரியும். இந்தக் கணக்கைப் போடாமல் ‘ஒரு கரண்டி பசை’ என்று எழுதிய நோட்டுகளை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். அமிலத்தில் குலைத்த கைட்டின் தன் படிக இறுக்கத்தில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. எனவே பசைத்தட்டில் நன்றாக வளையம் போடும் பாக்டீரியா அசல் ஓட்டில் தோற்கலாம். எல்பிஎம்ஓ இல்லாதவையும் பசையில் வீரர்களே. அதனால் பசையோடு கூட, படிகம் குலையாத செதில்களையும் தனியே கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

தூண்டில் போடுவது

கடல்நீரை நேரடியாகத் தட்டில் தடவினால் கிடைப்பது அந்த நேரத்தில் நீரில் மிதந்தவை. ஓட்டில் குடியேறுகிறவை வேண்டுமென்றால் ஓட்டையே தூண்டிலாகப் போட வேண்டும்.

பச்சை இறால் ஓடு வேண்டாம். அதில் புரதமும் சுண்ணாம்பும் நிறைந்திருப்பதால் முதலில் கூடுவது புரதம் தின்னும் கூட்டம். ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குங்கள், கழுவியபின் சூடான நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் வைத்துப் புரதத்தை நீக்குங்கள், மறுபடி கழுவுங்கள். மிஞ்சுவது மெல்லிய, வளையக்கூடிய கைட்டின் தாள். வாங்கிய செதில்களாலும் வேலை நடக்கும் என்றாலும், இந்தத் தாளை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்க்க முடிவது தனி வசதி.

250 மில்லி குடுவையில், வடிகட்டி ஆட்டோகிளேவ் செய்த கடல்நீர் 100 மில்லி எடுத்து, தாள் துண்டுகளைப் போட்டு, புதிதாக எடுத்த கடல்நீர் 1 மில்லியைச் சேருங்கள். பக்கத்தில் கைட்டின் போடாத குடுவை ஒன்று. கைட்டின் போட்டு உயிர் சேர்க்காத குடுவை ஒன்று. மெதுவாக ஆட்டும் மேடையில் 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வையுங்கள். குளிர்ந்த கடலின் மாதிரி என்றால் வெப்பநிலையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். குளிர்விரும்பிகள் 25 டிகிரியில் செத்துப்போகும், நீங்களோ அவை அங்கே இல்லை என்று எழுதிவிடுவீர்கள்.

இனி வருவதுதான் எனக்கு இந்தச் செய்முறையிலேயே மிகப் பிடித்த பகுதி. குடுவையை ஒரு முறை மட்டும் திறக்காதீர்கள். முதல் நாளில் ஒரு துண்டு, இரண்டாம் நாளில் ஒன்று, பிறகு வார முடிவுவரை அவ்வப்போது ஒன்று என்று எடுத்துத் தனித்தனியே தட்டில் போடுங்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கைட்டின் பூசிய காந்த மணிகளைக் கடல்நீரில் விட்டு மணிகளின் மேல் குடியேறியவர்களை நேர வரிசையில் கணக்கெடுத்தார்கள். முதலில் ஒட்டத் தெரிந்தவை வந்தன. அடுத்து கைட்டினை வெட்டத் தெரிந்தவை பெருகின. அதற்கும் பிறகு, கைட்டினைத் தொடவே தெரியாத, முந்தியவை சிந்தியதையும் கழித்ததையும் உண்ணுகிறவை வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. கடைசி நாளில் மட்டும் மாதிரி எடுக்கிறவர் இந்த மூன்றாம் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தட்டில் வளையமே வரவில்லை என்று புலம்புவார்.

துண்டை எடுத்ததும் கிருமி நீக்கிய கடல்நீரில் மூன்று முறை அலசுங்கள். மிதப்பவை போய், ஒட்டியவை மிஞ்சும். அலசிய நீரையும் தட்டில் போட்டு ஒப்பிட்டால் ஒட்டும் கண்ணியைப் பற்றி முதல் துப்பு கிடைக்கும்.

தட்டும் பொய் வளையங்களும்

தட்டுக்கு மூன்று பங்கு கடல்நீரும் ஒரு பங்கு காய்ச்சி வடித்த நீரும் கலந்து, 1.5 சதவீதம் அகர் சேர்த்து அடித்தளம் ஊற்றுங்கள். அது உறைந்ததும் உலர் எடைக் கணக்கில் அரை சதவீதம் கைட்டின் கலந்த அகரை அதன்மேல் மெல்லியதாக ஊற்றுங்கள். மேலடுக்கு மெல்லியதாக இருந்தால் வளையம் கூர்மையாகத் தெரியும். பாஸ்பேட் சேர்ப்பதானால் தனியே ஆட்டோகிளேவ் செய்து, ஆறியபின் கலக்க வேண்டும். கூடவே கொதித்தால் கடல்நீரின் கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து வெண்மையாகப் படியும்.

அந்த வெண்படிவு வெறும் அழகுக் குறை அன்று. அமிலம் சுரக்கும் பாக்டீரியா அதைக் கரைத்து, அசல் கைட்டினேஸ் வளையம் போலவே ஒரு தெளிவை உண்டாக்கும். கைட்டின் இல்லாத தட்டிலும் அதே காலனியை வளர்த்துப் பாருங்கள். அங்கும் தெளிந்தால் அது கைட்டினேஸ் அன்று.

கடலுக்கே உரிய இன்னொரு ஏமாற்று, அகர் தின்னிகள். அகர் என்பதே கடற்பாசியிலிருந்து வருவது. கடல் பாக்டீரியாவில் பலவற்றுக்கு அது சாப்பாடு. காலனி பள்ளத்தில் அமிழ்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கைட்டின் இல்லாத தட்டில் வளர்த்து அயோடின் கரைசலை ஊற்றினால், அகர் சிதைந்த இடம் நிறம் ஏறாமல் வெளிறி நிற்கும்.

இப்போது எதிர்த் திசைப் பிழை. வளையம் வராததாலேயே ஒரு காலனியைத் தூக்கி எறியக் கூடாது. சில பாக்டீரியா நொதிகளை நீரில் பரப்பாமல் செல்லோடு ஒட்டியே வைத்துக்கொள்கின்றன. வெட்டிய துண்டுகளை அக்கம்பக்கத்தாருக்குச் சிந்தவிடாமல் அப்படியே உள்ளிழுக்கின்றன. பாக்டீராய்டீட்ஸ் என்ற பாக்டீரியக் கூட்டத்தில் இத்தகைய சிக்கனக்காரர்கள் அதிகம். தட்டில் இவர்கள் சாதுவாகத் தெரிவார்கள், அருகில் மங்கலாக ஒரு நிழல் விழுந்தால் உண்டு. தாராளமாகச் சிந்துகிற விப்ரியோவோ பெரிய வளையத்தைக் காட்டி மதிப்பெண் வாங்கிக்கொள்ளும். வளையத்தின் அகலத்தை அளந்து ‘திறமை’ வரிசைப்படுத்தும் அட்டவணைகளை நான் ஏற்பதில்லை. வளையத்தின் அகலம், நொதி எவ்வளவு தூரம் கசிகிறது என்பதன் அளவு. பாக்டீரியாவுக்கு எவ்வளவு வயிறு நிறைந்தது என்பதன் அளவு அன்று.

ஆகவே தூய காலனி ஒவ்வொன்றையும் மூன்று இடங்களில் சோதியுங்கள். ஒன்று, பசைத்தட்டு. இரண்டு, கைட்டின் செதில்களே ஒரே கார்பன் உணவாக உள்ள திரவம். இங்கே செதில்கள் கரைகின்றனவா என்பதோடு, செல் எண்ணிக்கை கூடுகிறதா என்றும் பாருங்கள். மூன்று, என்-அசிட்டைல் குளுக்கோசமைன் மட்டும் உள்ள திரவம். மூன்றாவதில் மட்டும் வளர்வது வெட்டத் தெரியாத, ஆனால் உண்ணத் தெரிந்த ஒட்டுண்ணித்தனமான விருந்தாளி. மூன்றிலும் வளர்வது முழுத் தொடரும் உடையது. பசையில் வளையம் போட்டு, செதிலில் திணறுவது எல்பிஎம்ஓவோ ஒட்டும் புரதமோ இல்லாததாக இருக்கலாம். மரபணுவைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது அதைத்தான். வசதி இருந்தால் மெத்தில்அம்பெல்லிஃபெரோன் கோத்த கைட்டின் இரட்டை அலகைச் சேர்த்துப் புறஊதா விளக்கில் பார்க்கலாம். நொதி வெட்டினால் நீலம் ஒளிரும். விரைவான சோதனை, ஆனால் சிறு துண்டை வெட்டும் திறனை மட்டுமே காட்டும்.

மரபணுத்தொகுதியில் பூர்வீகம் தேடுவது

பாக்டீரியாவை இனங்காணப் பயன்படும் 16எஸ் என்ற ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவின் வரிசை பார்த்துப் பெயர் வைப்பது எளிது. பெயர் திறமையைச் சொல்லாது. நெருங்கிய இரு உறவினர்களில் ஒன்று வெட்டுவதாகவும் மற்றது விருந்தாளியாகவும் இருப்பது சகஜம். முழு மரபணுத்தொகுதியையும் வரிசைப்படுத்துங்கள்.

புரத வரிசைகளை டிபிகேன் போன்ற கருவியில் கொடுத்தால் சர்க்கரைச் சங்கிலிகளைக் கையாளும் நொதிகளைக் குடும்பங்களாகப் பிரித்து வைத்திருக்கும் காசி (CAZy) தரவுத்தளத்தின் குடும்பப் பெயர்களோடு பட்டியல் வரும். அதில் ஜிஎச்18, ஜிஎச்19 இரண்டும் கைட்டினேஸ் குடும்பங்கள், ஜிஎச்20 சிறு துண்டுகளை ஒற்றை அலகாக்குவது, ஏஏ10 எல்பிஎம்ஓ, சிபிஎம்5, சிபிஎம்12 போன்றவை ஒட்டும் கூறுகள். சுவரில் ஒட்டிய தாளில் எந்தக் கண்ணிக்கு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியே அனுப்பப்படும் நொதியா என்பதை அறிய, வரிசையின் தொடக்கத்தில் சமிக்ஞைப் பகுதி உண்டா என்றும் பாருங்கள்.

ஜிஎச்18 என்று வந்ததும் துள்ள வேண்டாம். அந்தக் குடும்பத்தில் புரதங்களின் மேல் உள்ள சர்க்கரைக் கிளைகளை வெட்டும் நொதிகளும் இருக்கின்றன. ஒன்றையுமே வெட்டாதவையும் இருக்கின்றன. வினைமையத்தில் டி-எக்ஸ்-எக்ஸ்-டி-எக்ஸ்-டி-எக்ஸ்-ஈ என்ற அமினோ அமில வரிசை வேண்டும் (டி அஸ்பார்ட்டிக் அமிலம், ஈ குளுட்டமிக் அமிலம், எக்ஸ் எதுவாகவும் இருக்கலாம்). கடைசியில் நிற்கும் குளுட்டமிக் அமிலம் இல்லையென்றால் கத்திக்கு முனை இல்லை. நம் உடலிலேயே ஒய்கேஎல்-40 என்றொரு புரதம் அப்படி முனை மழுங்கி, கைட்டினைப் பிடிக்க மட்டும் தெரிந்ததாக நிற்கிறது.

பரிணாமக் கேள்விக்கு இரண்டு மரங்கள் வரைய வேண்டும். ரைபோசோம் புரதங்கள் போன்ற நிலையான மரபணுக்களைக் கொண்டு இனங்களின் மரம் ஒன்று. கைட்டினேஸின் வினைக்கூறை, அதாவது வெட்டும் பகுதியை, மட்டும் பிரித்து எடுத்து அதன் மரம் இன்னொன்று. வினைக்கூறை மட்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒட்டும் கூறும் வெட்டும் கூறும் ஒரே புரதத்தில் இருந்தாலும் தனித்தனிப் பூர்வீகம் உடையவை. பரிணாமத்தில் அவை மாறி மாறி இணைந்திருக்கின்றன. முழுப் புரதத்தையும் வைத்து மரம் வரைந்தால் இரண்டு வம்சாவளிகளைக் கூழாக்கிவிடுவீர்கள். வரிசைகளை மாஃப்டில் அடுக்கி, ஐக்யூ-ட்ரீயில் மரம் வரைந்தால் வகுப்புக்குப் போதும்.

இரண்டு மரங்களும் ஒத்துப்போனால் அந்தத் திறன் தலைமுறை வழியாக வந்தது. விப்ரியோ குடும்பத்தில் ஏறக்குறைய இப்படித்தான். கைட்டினைப் பயன்படுத்தும் அடிப்படைப் பாதை குடும்பம் முழுவதும் பரவலாகப் பேணப்பட்டிருப்பதை 2008இல் ஒப்பீட்டு ஆய்வு ஒன்று காட்டியது. கைட்டின் அவற்றுக்குப் பரம்பரைச் சொத்து. ஒத்துப்போகாத இடத்தில்தான் கதை. ஜிஎச்19 நொதிகள் தாவரங்களுக்கு மட்டுமே உரியவை என்று நம்பியிருந்த காலத்தில், 1996இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவில் ஒன்று கிடைத்தது. தாவரத்திலிருந்து பாக்டீரியாவுக்கு அந்த மரபணு தாவியிருக்க வேண்டும் என்ற கருத்து அதன்பின் முன்வைக்கப்பட்டது. தாவரம் பூஞ்சைக்கு எதிராக ஏந்திய ஆயுதம் பாக்டீரியாவிடம் கரண்டியாகிவிட்டது என்று கொள்ளலாம்.

மரபணு எப்படித் தாவுகிறது என்று மாணவர்கள் கேட்கும்போது நான் காட்டுவது விப்ரியோ கொலரேயைத்தான், வெள்ளைத்தாளில் மட்டும். கைட்டினின் மேல் அமர்ந்ததும் அது வெளியே கிடக்கும் டிஎன்ஏவை உறிஞ்சிக்கொள்ளும் நிலைக்கு மாறுகிறது என்று 2005இல் கண்டார்கள். பத்தாண்டு கழித்து இன்னொரு செய்தி வந்தது. அதே நேரத்தில் அண்டை செல்களைக் குத்திக் கொல்லும் ஈட்டி அமைப்பையும் அது இயக்கி, செத்தவற்றின் டிஎன்ஏவை எடுத்துக்கொள்கிறது. ஆக ஓடு வெறும் உணவு அன்று; மரபணுக்கள் கைமாறும் இடமும் அதுவே. கைட்டின் மரபணுக்கள் கைட்டின் மேலேயே பரவியிருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

காலத்தைக் கணிப்பது கடினமான பகுதி. பாக்டீரியாவுக்குப் புதைபடிவம் அரிது. ஆகவே உணவின் வரலாற்றை வைத்து உண்பவரை மட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுப் பழமையான, கனடாவின் பர்ஜெஸ் பாறைப் படிவக் கடற்பஞ்சு ஒன்றில் கைட்டின் இன்னும் மிஞ்சியிருப்பதை 2013இல் உறுதிசெய்தார்கள். கணுக்காலிகள் கடலில் பெருகியதும் ஏறக்குறைய அந்தக் காலக்கட்டத்திலேயே. இதையொட்டி 2023இல் வந்த ஆய்வு ஒன்று என்னை உட்காரவைத்துவிட்டது. சூரிய ஒளியில் வாழும் நுண்ணிய நீலப்பசும் பாக்டீரியாவான புரோக்ளோரோகாக்கஸ், சினெகோகாக்கஸ் ஆகியவற்றிலும் கைட்டினைச் சிதைக்கும் மரபணுக்கள் இருக்கின்றன. அவை கைட்டின் துகள்களில் ஒட்டவும் செய்கின்றன. அந்த மரபணுக்கள் இக்கூட்டத்தில் வந்து சேர்ந்தது கணுக்காலிகள் பெருகிய காலத்தை ஒட்டி இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கரையோரத்தில் தரையில் ஒட்டி வாழ்ந்த முன்னோர், மிதக்கும் ஓட்டுத் துகள்களைத் தெப்பமாகக் கொண்டு திறந்த கடலுக்குப் பரவியிருக்கலாம் என்றார்கள். பின்னால் பிரிந்து, மரபணுத்தொகுதியைச் சுருக்கிக்கொண்ட புரோக்ளோரோகாக்கஸ் கிளைகளோ அந்த மரபணுக்களைத் தொலைத்துவிட்டன. தனித்து மிதக்கக் கற்றபின் தெப்பம் சுமைதானே.

தொலைத்தலும் பரிணாமமே என்பதால் உங்கள் பட்டியலில் இல்லாத மரபணுக்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஏஏ10 இல்லை, கைட்டோபோரின் இல்லை, ஆனால் ஜிஎச்20 இருக்கிறது என்றால், அது முன்பு முழுத் தொடரும் வைத்திருந்து விருந்தாளியாக இறங்கிய குடும்பமா, அல்லது எப்போதுமே துண்டு மட்டும் தின்ற குடும்பமா? நெருங்கிய உறவினர்களின் தொகுதிகளைப் பக்கத்தில் வைத்தால் விடை ஓரளவு தெரியும். ஆனால் ‘இல்லை’ என்று எழுதும் முன் உங்கள் தொகுதியின் முழுமையைச் செக்எம் போன்ற கருவியில் சோதித்துவிடுங்கள். வரிசை பாதியில் அறுந்த தொகுதியில் ஒரு மரபணு காணாமல் போனால் குற்றம் பாக்டீரியாவினுடையது அன்று. சந்தேகம் இருந்தால் உறைவிப்பானில் கிளிசராலில் வைத்த மாதிரியை எடுத்து, செதில்கள் உள்ள திரவத்தில் மறுபடி வளர்த்துப் பாருங்கள்.